பக்கத்து சீட்டு விஞ்ஞானம்

“உலகத்துல நடக்கிற புருஷன் பெண்டாட்டி சண்டையில பாதி, ஸ்பீடாமீட்டரைப் பக்கத்து சீட்டுல இருந்து பார்க்கிறதாலதான் வருது” என்றார் இயற்பியல் பேராசிரியர், கொஞ்சமும் சிரிக்காமல்.

“மீதிப் பாதி?” என்று கேட்டாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவி.

“அது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவாங்க, எழுபதைத் தாண்டிட்டீங்க!” என்று அலறுவது அவள் இலாகா. இன்று இடம் மாறியிருந்தது. வங்கியில் மேனேஜர் ஆகி, வெளியூர்க் கிளைக்கு மாற்றலும் வாங்கியவள், தம்பியோடு போய்ப் புதுக் கார் எடுத்து வந்திருந்தாள். புதுக் கிளையில் இன்றுதான் முதல் நாள். தனியாகப் போவதாகத்தான் திட்டம். பேராசிரியர் காலேஜுக்கு ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“முள்ளு இருக்கே, அது நம்பரோட ஒட்டிக்கிட்டு இல்ல. கொஞ்சம் முன்னாடி தள்ளி நிக்குது. நேரா பார்த்தா அறுபது. உன்னை மாதிரி கழுத்தை நீட்டிப் பக்கவாட்டுல பார்த்தா எழுபது. நான் ஓட்டினது அறுபது, நீ கத்தினது எழுபதுக்கு.”

“நான் கத்தினதாலதான் அறுபதோட நின்னீங்க.”

அவர் அதைக் காதில் வாங்காமல் அடுத்த வட்டத்துக்குப் போனார். “இது இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு காட்டும். சிவப்புக் கோட்டைத் தொட்டா ஆபத்து. அது இன்ஜின் சூடு. இது பெட்ரோல். கண்ணு முன்னாடி இருக்கட்டும்!”

“முன்னாடிதாங்க இருக்கு.”

“நீ ரோட்டைப் பாரு, முள்ளையெல்லாம் நான் பார்த்துக்கறேன். தினமும் வர்றேன். விமானம் ஓட்டக்கூட ரெண்டு பேர் உட்காரலையா?”

“முதல் நாளே புருஷனைக் கூட்டிட்டுப் போய் இறங்கினா, இந்தம்மா வேலைக்கு வந்திருக்காங்களா, ஸ்கூல்ல சேர வந்திருக்காங்களான்னு கேட்பாங்க. அதோட, விமானத்துல ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அலற மாட்டாங்க.”

“அலறுவேனா? நானா? விஞ்ஞானம் தெரிஞ்சவன் அலறவே மாட்டான். பக்கத்து சீட்டுல சும்மா பொம்மை மாதிரி வருவேன்.”

“பந்தயமா? ஒரே ஒரு தடவை ‘மெதுவா’ன்னு சொன்னாலும் நீங்க இறங்கிடணும். நான் தனியாப் போவேன்.”

“சொல்லலேன்னா?”

“தினமும் வாங்க. பேங்க்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.”

“கைப்பிடி வெச்ச நாற்காலியா போடச் சொல்லு” என்று மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டார்.

மனைவி கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்தாள்.

முள் எழும்பியது.

பேராசிரியர் கழுத்தை நீட்டினார். நாற்பது. எண்பது. கண்ணிமைப்பதற்குள் நூற்றைம்பதைத் தாண்டிப் பறந்தது. பக்கத்து வட்டத்து முள்ளும் சிவப்புக் கோட்டுக்கே தாவிவிட்டது. கட்டியிருந்த கைகள் தாமாகவே பிரிந்து, ஒன்று தலைக்கு மேலிருந்த பிடியைக் கவ்வியது. இரண்டு கால்களும் இல்லாத பிரேக்கை மிதித்தன. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“மெதுவா...” காற்றுதான் வந்தது. “மெதுவாம்மா...”

“ஏங்க, கண்ணைத் திறங்க.”

திறந்தார். இரண்டு முள்ளும் சமர்த்தாகப் பூஜ்யத்தில் படுத்திருந்தன. எதிரே, அவர்கள் வீட்டு கேட் சாத்தியபடியே இருந்தது.

“இப்பத்தான் சாவியைத் திருப்பினேன். இந்த மாடல்ல முள்ளெல்லாம் ஒரு தடவை மேல போய்ட்டு இறங்கும்” என்று சொல்லியபடி அவருடைய சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். “போய் கேட்டைத் திறங்க. சேர்ந்ததும் போன் பண்றேன்.”