பினாங்குக்குப் போகிறவர்

“என்னையும் புள்ளையையும் இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போனா நாங்க என்ன ஆவறது?”

காரை மறித்து நின்று திலகம் கேட்டதை, எதிரே ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு மாதிரிதான் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த திவாகரன் அவளுக்குப் புருசனும் இல்லை, உறவும் இல்லை. கோல சிலாங்கூரில் அந்தச் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு இருந்த ஒரே தெரபிஸ்ட். இன்றோடு வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்குப் போகிறார்.

திலகத்தின் மகன் குமணனுக்கு ஐந்து வயது. பிறக்கும்போதே மூச்சு முட்டியதில் கைகால் விறைத்துப்போன பிள்ளை. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவிலிருந்து வந்து பெயர் கொடுத்துவிட்டுப் பத்தொன்பது மாதம் காத்திருந்தாள். அதற்குள் அவன் முதுகு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது.

திவாகரன் கைக்கு வந்த எட்டு மாதத்தில்தான் கழுத்து நின்றது. போன வாரம், யாரும் பிடிக்காமல், இருபது எண்ணும்வரை உட்கார்ந்தான்.

இன்று காலை முகப்பிலிருந்த பெண் சொல்லிவிட்டாள். “புது ஆளு எப்ப வருவாங்கன்னு தெரியலக்கா. வேற மையத்துல தம்பி பேரப் போட்டிருக்கோம். ஒன்றரை வருசம் ஆகும்லா.”

ஒன்றரை வருடத்தில் அந்த முதுகு என்ன ஆகும் என்று திலகத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஓடிவந்தவள், குமணனைச் சக்கர நாற்காலியோடு காருக்கு நேர் எதிரே நிறுத்திப் பிரேக்கைப் போட்டாள்.

“இப்ப எடுங்க காரை.” பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

சத்தத்தில் குமணனுக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது. பின் இருக்கையில், மூட்டைகளுக்கு நடுவே, திவாகரனின் நான்கு வயது மகள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

திவாகரன் இறங்கினார். “அக்கா, தம்பிய வெயில்லருந்து நகத்துங்க.”

“எங்க மேல ரொம்ப அக்கறைதான். அங்க பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருப்பாங்க. அதானே சார்?”

“பினாங்குல எனக்கு இன்னும் வேலையே கெடைக்கலக்கா.”

“பொய் சொல்லாதீங்க. வேலை இல்லாமயா ஒருத்தரு வீட்டக் காலி பண்ணிட்டுப் போவாரு?”

அவர் குனிந்து, குமணனின் காலிலிருந்து நழுவியிருந்த பட்டையை இறுக்கிக் கட்டினார். “நான் சொல்லிக்குடுத்த பயிற்சிய தெனமும் ரெண்டு வேளை விடாம செய்ங்கக்கா.”

“தோட்டத்துல உரம் போடுற கை சார் இது. போன மாசம் நான் புடிச்சதுல அவன் வலி தாங்காம கத்துனத நீங்களே பாத்தீங்க.” அவள் கோபமெல்லாம் அங்கேயே உடைந்துபோனது. “ஆறு மாசம். ஆறே மாசம் இருந்துட்டுப் போங்க. ஒங்க கால்ல விழறேன்.”

விழுந்தே விட்டாள். திவாகரன் பதறிப் பின்வாங்கினார்.

“எந்திரிங்கக்கா. என்னால முடியாது.”

இனி இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை என்று திலகத்துக்குத் தோன்றியது. எழுந்து, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல், பின்கதவுக்குப் போனாள். கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே குனிந்தாள்.

“பாப்பா, நீயாச்சும் அப்பாகிட்ட சொல்லும்மா. அங்க பாரு, அந்த அண்ணன் பாவம்லா? போக வேணாம்னு சொல்லும்மா.”

சிறுமி அடுத்த கலர் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, ஒன்னத்தான்.”

திவாகரன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அவளுக்குக் காது கேக்காதுக்கா. பினாங்குல இவ பயிற்சிக்குப் பேரு குடுத்து ரெண்டு வருசமா காத்திருந்து, இப்பத்தான் எங்களக் கூப்பிட்டாங்க.”