அந்தப்புரத்தின் தெற்குச் சுவர்

"மேனேஜர் சாப், உங்க கால்ல விழறேன். அரண்மனை வித்துப்போச்சுன்னு மட்டும் ராஜமாதாகிட்ட சொல்லிடாதீங்க!"

அந்தப்புரப் படிக்கட்டை மறித்து நின்றாள் கவரி. வயது எழுபத்தெட்டு. ராஜமாதா இந்தக் கேசர்கட் அரண்மனைக்கு மணமகளாக வந்தபோது, பிறந்த வீட்டிலிருந்து துணைக்கு அனுப்பப்பட்ட சிறுமி. அன்றிலிருந்து அவரைவிட்டு ஒருநாள்கூடப் பிரிந்ததில்லை.

ஓஜா தயங்கினான். இந்த அரண்மனை ஹோட்டலுக்கு மேனேஜராக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்தப்புரத்தின் தெற்குச் சுவரை இடித்து லிஃப்ட் வைக்கப் போகிறார்கள். நாளை வேலை ஆரம்பம். மாடியில் வசிக்கும் ராஜமாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி முதலாளி உத்தரவு.

"ஆறு வருஷமா ஹோட்டல் நடக்குதே, அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"எப்படித் தெரியும்? இளவரசர் கமுக்கமா வித்துட்டு டெல்லிக்குப் போயிட்டார். இவங்களுக்குக் கண்ணு மங்கல். முழங்கால் வலி, படி இறங்கறதே இல்ல. கீழே இங்கிலீஷ் கேட்டா, கவர்னர் வந்திருக்கார்ம்பேன். மேளம் கேட்டா, சொந்தத்துல கல்யாணம்பேன்."

"யானைக் கொட்டடியில நீச்சல்குளம் வெட்டினாங்களே, அப்போ?"

"புது யானைக்குட்டி குளிக்குதுன்னேன்."

ஓஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பிட்டாங்களா?"

"குட்டிக்கு வெல்லம் குடுத்தியான்னு தினமும் கேக்கறாங்க, பாவம்!" கவரியின் கண் கலங்கியது. "உண்மை தெரிஞ்சா அந்த உசுரு தாங்காது சாப்."

மாடியில், சல்லடைபோல் செதுக்கிய கல் ஜன்னலருகே ராஜமாதா உட்கார்ந்திருந்தார்.

"யாரு கவரி?"

"நம்ம புது திவான், ஹுகும்," என்றாள் கவரி, அரச குடும்பத்தாரை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு, கொஞ்சமும் கூசாமல்.

"அப்படியா! திவானுக்கு மோர் கொண்டு வா. சீரகம் வறுத்துப் போடு."

ஓஜாவை ஒரு முறை முறைத்துவிட்டுக் கவரி போனாள்.

ஓஜா தொண்டையைச் செருமிக்கொண்டான். "ராஜமாதா, தெற்குச் சுவர்ல ஒரு விரிசல். நாளையிலேர்ந்து மராமத்து..."

"என்ன மராமத்து, தம்பி? லிஃப்ட்தானே வைக்கப் போறீங்க?"

ஓஜா திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான். கவரி இன்னும் வரவில்லை.

"கண்ணுதான் மங்கல். காது நல்லாவே கேக்கும். அது ஒத்தைச் சுவர் இல்லப்பா, ரெட்டைச் சுவர். நடுவுல காத்து வர்ற வழி. சித்திரை வெயில்லயும் இந்த மாடி குளுகுளுன்னு இருக்கறது அதனாலதான். மேல இருக்கற கண்ணாடி மகாலோட மொத்த பாரமும் அதுமேலதான் நிக்குது. நாலு கல்லை உருவினா, இருநூறு வருஷமும் சேர்ந்து உன் தலையில விழும். லிஃப்டை யானைக் கொட்டடிப் பக்கம் வைக்கச் சொல்லு."

"இன்னைக்கே நிறுத்திடறேன், ஹுகும். ஆனா அரண்மனை கைமாறினது உங்களுக்கு எப்படி..."

"வித்ததே நான்தானே! மழைக்கு மழை ஒரு கூரை இறங்கிட்டிருந்தது. கட்டிக் காப்பாத்த என்னால ஆகல. இடியாம நின்னா போதும்னு கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டடத்து மேல என்னைவிடக் கவரிக்குத்தான் உசுரு. நான் வித்தேன்னு தெரிஞ்சா நொந்துடுவா. அதான் என் மகன் பழியை ஏத்துக்கிட்டான்."

"அப்போ அவங்க சொல்ற கதையெல்லாம்?"

ராஜமாதாவின் முகம் மலர்ந்தது. "எனக்காக ராப்பகலா யோசிச்சுல்ல சொல்றா! அந்த யானைக்குட்டிக்குப் பேர்கூட வச்சிருக்கா. நம்பாம என்ன செய்ய?"

ஓஜா நெகிழ்ந்து போனான். "நீங்க கவலையே படாதீங்க ஹுகும். இந்த ரெண்டு அறையை விட்டு உங்களை யாரும் போகச் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

படியில் கவரி இருமிக்கொண்டே ஏறும் சத்தம் கேட்டது. ராஜமாதா குரலைத் தாழ்த்தினார்.

"என்னைப் போகச் சொல்லலாம், தம்பி. கவரியைத்தான் சொல்ல முடியாது. வித்த பத்திரத்தை எடுத்துப் பாரு. அவ காலம் உள்ளவரைக்கும் இந்த ரெண்டு அறையும் அவளோடது. என் பேரு அதுல எங்கேயும் இல்ல. ஆறு வருஷமா நான்தான் அவ வீட்டுல தங்கியிருக்கேன்."