ஆணி போட்ட சத்தம்

ஆட்டுக்காரர் சடையாண்டியின் இடுப்பு மடிப்பில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதன் அலகுக்குத் தன் பளபளப்பில் அப்படியொரு பெருமை. அலகு திரும்புவதற்கு அச்சாக நின்ற சின்ன ஆணியோ வெளிச்சமே படாமல் பிடிக்குள் கிடந்தது.

வேலம்பிசினும் செம்மண்ணும் உள்ளே இறுகிப்போனதால், கத்தியைத் திறக்கும்போதெல்லாம் ஆணி கிறீச்சிட்டது.

“வலிக்குதண்ணே. ஒரு சொட்டு எண்ணெய் போதும். சத்தம் கேட்டாலாவது பார்க்கமாட்டாரா?”

“வாயை மூடு! கிழடாயிட்டோம்னு நம்மைத் தூக்கி எறிஞ்சிடுவார்” என்று அதட்டியது அலகு.

ஆணி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. கொஞ்ச நாளில் சத்தமே இல்லை. தம்பிக்குத் தேவலையாகிவிட்டது என்று அலகு நிம்மதியடைந்தது.

ஒருநாள் மதியம், வெள்ளாட்டுக் குட்டியொன்று கயிறு கழுத்தை இறுக்கியதில் துடித்தது. சடையாண்டி ஓடிவந்து கத்தியைத் திறக்கப் பார்த்தார். அவர் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ஆணி துருவேறி இறுகியிருந்தது.

“குட்டி சாகப்போகுது தம்பி, விடுடா!” என்று அலகு கதறியது.

“நானா பிடிச்சிருக்கேன்? முடியலையே அண்ணே!”

சற்று நேரத்தில் குட்டியின் மூச்சு அடங்கிப்போனது.

சாயங்காலம் சடையாண்டி உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விட்டுத் துருவை இளக்கி, துணியால் அழுக்கை வழித்தெடுத்து, எண்ணெய் விட்டார். அலகு பூப்போலத் திரும்பியது.

“இப்பச் சுகமா இருக்குண்ணே” என்றது, வெளியே நடந்ததைப் பார்க்காத ஆணி. “வாங்க, அந்தக் குட்டியோட கயித்தை அறுத்துவிட்டுடலாம்.”