கமா போட்ட நிமிடங்கள்

"பைத்தான் புரோகிராம்ல எரர் வருது சார்," என்றாள் அவள், கணினித் திரையைக் காட்டி.

மேலாளர் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். "லிஸ்ட்ல இருக்கிறதெல்லாம் வெறும் எண். ஒவ்வொண்ணையும் முதல்ல ஸ்ட்ரிங்கா, அதாவது எழுத்தா, மாத்தினாத்தான் ஒண்ணா சேர்க்க முடியும். இதுகூடத் தெரியாதா?"

போன மாதம் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் தாமதமாக வந்த நிமிடங்களை எல்லார் முன்னாலும் உரக்க வாசித்துச் சிரித்தவர் இவர்தான். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்றும் அப்படியே நின்றாள்.

அவர் தட்டத் தட்ட, எண்களுக்கு நடுவே கமா விழுந்தது. கடைசியில் 'நிமிடம்' என்று ஒட்டிக்கொண்டது.

"நாற்பது, முப்பத்தஞ்சு, ஐம்பத்திரண்டு... மாசம் பூரா லேட்டா? எதுக்கு இந்த லிஸ்ட்?"

"வாசல் மெஷின்ல ஒரே ஒருத்தரோட வருகை கார்டு லேட்டா பதிவான நிமிஷங்கள் சார். முதலாளி உடனே அனுப்பச் சொன்னாரு."

"நானே அனுப்பறேன்."

பட்டியலுக்குக் கீழே, 'இப்படிப்பட்ட சோம்பேறியை இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று எழுதி, தன் பெயரையும் போட்டு அனுப்பினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஆமா, யாரோட கார்டு அது?"

அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"உங்களோடதுதான் சார்."