'வயது' என்றொரு ஃபங்ஷன்

ஒரு கணக்கைப் போட்டுத் தரும் சிறு நிரல்துண்டுதான் ஃபங்ஷன். கணினி மொழியோடு சேர்ந்தே வருபவை ஒரு வகை; நாமாக எழுதிச் சேர்த்துக்கொள்பவை இன்னொரு வகை. பணியாளர் பட்டியலைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் நிரலிலிருந்து இரண்டாவது வகையைக் களையெடுக்கும் வேலை என் தலையில் விழுந்து மூன்று வாரமாகிறது. கடைசியாக மிஞ்சியது 'வயது'. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதியது. பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும், அவ்வளவுதான்.

எதையும் தூக்கும் முன் பழையதையும், அதற்குப் பதிலாக மொழியோடு வந்த புதியதையும் ஒரே பட்டியலில் ஓடவிட்டு ஒப்பிடுவது எங்கள் வழக்கம். அறுநூற்றுப் பதினான்கு பேரில் மூன்று பேருக்கு மட்டும் பழையது வயதைக் குறைத்துச் சொன்னது. முதல் இருவர் பணியில் இருக்கும்போதே இறந்தவர்கள். இறந்த அன்றைய வயதிலேயே நின்றிருந்தார்கள். இறந்த தேதி பட்டியலில் எங்குமே இல்லை.

மூன்றாவது, பக்கத்து நாற்காலி அண்ணன். போன திங்கட்கிழமைதான் அவருக்கு நாற்பத்தேழு முடிந்தது. பழையது நாற்பத்தாறு என்றது.

"முடிஞ்சுதாப்பா?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூணு வரி இடிக்குதுண்ணே."

"மொழியோட வந்ததையே வச்சிட்டு அதைத் தூக்கிடு. இந்த ஆபீஸ்ல செத்தாலும் லீவு கிடைக்காது."

தினமும் சொல்வதுதான். தூக்கிவிட்டேன்.

அவர் மேசையில் பிறந்தநாள் கேக் துண்டு காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து நான் வாங்கி வைத்த காபிக் கோப்பைகள் ஐந்தும் விளிம்பு வரை நிறைந்திருந்தன.