அனுப்ப ஒன்றுமில்லாத மாப்பிள்ளை

“அப்போ தெனமும் சாயங்காலம் செவுத்துல வந்து பேசுறது யாரு மாப்ளே?”

செண்பகவல்லி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சன்னல்கள் தாமாகத் திறந்துகொண்டன. அவள் மகள் தேன்மொழிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கிருபாகரன், முகூர்த்தப் புடவை எடுக்க மெல்போர்னிலிருந்து வந்து, மொட்டைத் தலையோடு கூடத்தில் நிற்கிறான். சுவர்த்திரையிலும் அவனேதான், தலை நிறைய முடியோடு, “சாப்டாச்சா?” என்கிறான்.

“நான் கூப்பிட்டே ஒரு மாசமாச்சு அத்தை. உங்க பொண்ணுதான் தெனமும் என் திரையில வந்து ‘ம்’ கொட்டிட்டிருந்தா!”

“நானா? நான் அந்தச் செவுத்துப் பக்கமே போகலையே!” என்றாள் தேன்மொழி.

செண்பகவல்லி திரைக் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்தாள்.

“வீடியோல மாறுறதை மட்டுந்தாம்மா அனுப்புவோம். மாறாததை முந்தின படத்தை வெச்சுத் திரையே ஊகிச்சுப் போட்டுக்கும். இவங்க ரெண்டு பேரும் தெனமும் அதே நாற்காலி, அதே பேச்சு. ஆளே தேவைப்படலை. எவ்வளவு டேட்டா லாபம் தெரியுமா!”

சண்டையே போடாத ஜோடி என்று தெருவெல்லாம் பெருமையடித்தவள் செண்பகவல்லி. விடுவாளா? “அதான் நேர்ல வந்தாச்சே, பேசுங்க” என்று இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். காபி ஆறியதுதான் மிச்சம்.

கிருபாகரன் புடவை எடுக்காமலே மெல்போர்ன் திரும்பினான். தேன்மொழி அடுத்த ஆவணியில், சேர்ந்தாற்போல் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாத கபடி கோச் ஒருவரைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போய்விட்டாள். அவர் திரையில் வந்தாலே படம் கட்டங்கட்டமாக உடைகிறது. மாப்பிள்ளை முகமே தெளிவாக இல்லை என்று செண்பகவல்லி புலம்புகிறாள். மகள் சிரிக்கிற சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்கிறது.