கைதட்டாத கூட்டம்

"ஏம்மா, இங்க கைதட்டினா காசு கேப்பாங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விடுதிச் சமையல்காரம்மா உதட்டின் மேல் விரலை வைத்தாள். விடுதி டீமின் கோச்சான ஃபாதரின் அப்பாவுக்குச் சுருக்கென்றது. மில்லில் ஃபிட்டராக இருந்தவர், மெஷின் சத்தத்தை மீறிப் பேசியே பழகியவர். அவரைப் போய் வாயை மூடச் சொல்வதா?

மகன் ஊரில் இருந்தவரை கதையே வேறு. அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் கோட்டோரம் ஓடினால் மைதானமே அதிரும். பங்குப் பள்ளி ஃபுட்பால் டீமுக்குக் கோப்பை மேல் கோப்பை வாங்கிக் கொடுத்தவன், திடீரென்று மிஷனரியாகப் போகிறேன் என்று இவ்வளவு தூரம் வந்துவிட்டான். "இங்கயும் ஒரு டீம் இருக்குப்பா" என்று போனில் சொன்னதோடு சரி.

அந்த டீமின் லட்சணத்தைப் பார்க்கத்தான் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருந்தார். பிடிக்காவிட்டால் ஆயரின் காலில் விழுந்தாவது மகனுக்கு ஊருக்கே மாற்றல் வாங்கிவிடுவது என்று முடிவு.

பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரிசையாக மைதானத்தில் இறங்கினார்கள். ஒழுக்கம் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் மகன் செய்ததுதான் விளங்கவில்லை. எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வலப்பக்கம் வா, இன்னும் கொஞ்சம், இப்ப அடி" என்று கத்திக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் இவனே சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் எதற்கு?

குட்டையான பையன் ஒருவன் மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனான். அப்போதும் கூட்டம் மூச்சுவிடவில்லை. பெனால்டி கிடைத்தது. மகன் ஒரு குச்சியை எடுத்துக் கோல் கம்பங்களை டொக் டொக்கென்று தட்டினான். அதற்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் சமையல்காரம்மா பக்கம் திரும்பினார்.

"இந்த நன்றிகெட்ட ஜனங்களுக்கா என் புள்ள இப்படி உழைக்கிறான்? நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

சமையல்காரம்மா அவர் காதருகே குனிந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. பந்துக்குள்ள மணி போட்டிருக்கு, நாம கத்தினா அது கேக்காது. கோல்கீப்பருங்களத் தவிர, அங்க ஆடற புள்ளைங்க யாருக்கும் கண்ணு தெரியாது."

"இவன் என் புள்ள" என்று பெருமை தாங்காமல் எழுந்து கத்தப் போனவர், பெனால்டிக்குப் பையன் காலைத் தூக்குவதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.